தாத்தா பிள்ளைங்க (ரங்கூன் – மோல்மீன் – மெட்ராஸ்)

செந்தில்: மாமா, நம்ம கடையில வாடகைக்கு இருக்கிற கடைக்காரர் இன்னைக்கும் காலி பண்ண முடியாதுன்னுட்டார். கோர்ட்டுக்குப் போய்க்கோங்கிறார்

முருகேசன்: அப்பவே வித்திருக்கணும்

வள்ளி: அண்ணே ஆரம்பிக்காதீங்க

மீனா: ஞாயித்துக்கிழமை பீலிக்கான் கோயிலுக்கு வேன் சொல்லியாச்சா?

ராஜு: எல்லாரும் பொறுமையா படிங்க. மெட்ராஸ்ல பழைய 1960 வாடகைச் சட்டம் இப்ப இல்லை. 2017ல போட்ட சட்டம், 22.2.2019ல இருந்து நடப்புல இருக்கு. நமக்கோ குடும்பத்துல ஒருத்தருக்கோ கடை வேணும்னா 21ஆம் பிரிவுல காலி பண்ணக் கேக்கலாம். வியாசர்பாடிங்கிறதால மனு சிறு வழக்குகள் நீதிமன்றத்துல. அப்பா அந்தக் கடையை வாய்ப்பேச்சா விட்டார், எழுத்துல ஒண்ணும் இல்லை. ஒப்பந்தம் எழுதாததும் அதே பிரிவுல தனிக் காரணம். ஆனா ஒரு நோட்டீஸ்ல "ஒப்பந்தம் போட வா"ன்னும் "கடை எங்களுக்கு வேணும்"னும் சேர்த்து எழுதினா ஒண்ணை ஒண்ணு இடிக்கும். எது முதல்லன்னு வக்கீலைக் கேட்டுட்டு எழுதணும்.

வள்ளி: சரி தம்பி

முருகேசன்: இவ்வளவு எதுக்கு? கரண்ட்டைப் பிடுங்கு, தானா போவான்

ராஜு: வேண்டவே வேண்டாம்ணே. 20ஆம் பிரிவு அதைத் தடுக்குது. அவர் புகார் குடுத்தா கரண்ட்டை நாமளே திருப்பிக் குடுக்கணும், தண்டமும் நம்ம தலையிலதான்.

மீனா: சித்தப்பா வேன்??

ராஜு: சொல்லியாச்சும்மா, காலைல 7 மணி. செந்தில், தேவை உன்னோடது. அதனால கூண்டுல ஏறிச் சொல்ல வேண்டியது நீதான். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டியை அடுப்பு, பேஜோ (மேல நொறுக்கிப் போடுற மொறுமொறு வடை) டப்பா, சூப்புப் பானையோட படம் எடுத்து வை. உணவுப் பாதுகாப்புப் பதிவு, பாங்கு பாஸ்புக் ரெண்டும் வேணும். கடைக்குப் பின்னாடி சும்மா கிடக்கிற 6க்கு 8 ரூமை மறைக்காதே. தெருப் பக்கம் வாசல் இல்லை, புகை போக வழியில்லை, அதனால உதவாதுன்னு மனுவுலயே எழுதிடு. அதை எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடிச்சுச் சொன்னா மனுவே சாஞ்சிடும்.

செந்தில்: சரி மாமா. நோட்டீஸ்?

ராஜு: மாச வாடகைக்குக் குறைஞ்சது 15 நாள் நோட்டீஸ். தபால் ரசீது, ஒப்புகை ரெண்டையும் பத்திரப்படுத்து. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸ் 50,000த்தை, பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சுக்கிட்டு, திருப்பணும். இப்பவே தனியா எடுத்து வைக்கணும்.

முருகேசன்: யார் எடுத்து வைக்கிறது

முருகேசன்: அட்வான்ஸ் வாங்கினது அப்பா. செலவு பண்ணினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்

வள்ளி: அது என் கல்யாணத்துக்குன்னு சொல்ல வர்றீங்களா?

மீனா: அப்பா போதும்ப்பா 🙏

முருகேசன்: புரோக்கர் நல்ல விலை சொல்றார். காலி பண்ணிட்டு வித்துடலாம்

ராஜு: அண்ணே, விக்கிறதுதான் எண்ணம்னா மனு போடவே கூடாது. சொந்தத் தேவை நெஜமா இருக்கணும். நீங்க புரோக்கர்கிட்ட பேசினது கடைக்காரர் காதுக்கு எட்டினா குறுக்கு விசாரணையில முதல் கேள்வியே அதுதான். வாடகையை ஏத்திக் கேட்டிருந்தாலும் அதே கதி. செந்தில் மூணு வருஷமா வெயில்ல வண்டி தள்ளுறான். தயவுசெஞ்சு புரோக்கரை நிறுத்துங்க.

வள்ளி: நான் கையெழுத்துப் போட மெட்ராஸ் வரணுமா? முழங்கால் வலி

ராஜு: வேண்டாம்க்கா. ரங்கூன் மெர்ச்சன்ட் தெரு இந்தியத் தூதரகத்துல பவர் (உங்களுக்குப் பதிலா ஒருத்தர் நடத்த அதிகாரப் பத்திரம்) எழுதி அத்தாட்சி வாங்கலாம். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், விட்டா சிக்கல். பவர் வாங்கினவர் மனு போடலாம். உங்க மனசுல இருக்கிறதை அவர் சாட்சியா சொல்ல முடியாது.

செந்தில்: மூணு பேரும் போடணுமா?

ராஜு: பங்காளி ஒருத்தர் போட்டாலே செல்லும், மத்தவங்க மறுக்காத வரைக்கும். அண்ணன் சம்மதம் எழுதிக் குடுத்துட்டா நிம்மதி.

வள்ளி: அண்ணே?

மீனா: அப்பா பார்த்துட்டார், நீல டிக் வந்துடுச்சு

முருகேசன்: ஞாயித்துக்கிழமை கோயில்ல பேசிக்கலாம்

செந்தில்: நோட்டீஸை நாளைக்கு அனுப்பட்டுமா வேண்டாமா மாமா?

ராஜு: வக்கீலைப் பார்த்துட்டு. அண்ணே, புரோக்க

வள்ளி: அவன் பக்கம் கரண்ட் போயிடுச்சு போல