கீமோ ஏற்றி ஊருக்கு வந்த பிறகு: மனதை விட்டுப் போகாத ஒன்று

உப்புவெளி மிஸ்ஸி:
மீன் விற்கிற ஒரு அம்மாவுக்கு ஒக்ஸாலிபிளாட்டின் என்கிற புற்றுநோய்க் கீமோ மருந்து ஏற்றி மூன்றாம் நாள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பயணக் களைப்பே தீரவில்லை, வாசலில் மீன் பெட்டி வந்து இறங்கிவிட்டது. அந்த அம்மா வழக்கம்போல ஐஸுக்குள் கையை விட்டு ஒரு பாரையைத் தூக்கினா. மீன் மண்ணில் விழுந்தது. விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நிற்க, மற்றக் கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினா. "கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு பிள்ளை" என்றா. குளிரில் கவனம் என்று அவவுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மீன் விற்கிறவவுக்குக் குளிர் என்றால் ஐஸ் பெட்டி என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

ஏற்றின நாளிலிருந்து ஐந்து நாளாவது பிரிட்ஜ் தண்ணி, ஐஸ்கிரீம், ஐஸ் மீன் வேண்டாம். பிரிட்ஜைத் திறக்கவே துணிக் கையுறை போடுங்கோ. ஏசி பஸ்ஸில் வருகிறவர்கள் சால்வையால் மூக்கையும் வாயையும் மூடுங்கோ, குளிர்காற்று பட்டால் தொண்டை அடைத்த மாதிரி இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியை மெல்ல மெல்லக் குடிக்க அது விடும். உடம்பு தடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்தால் அது குளிர்க் கூச்சம் இல்லை, அலர்ஜி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

மூதூர் பக்கம்:
குளிரைவிடக் காய்ச்சலுக்குத்தான் நான் பயம். ஒரு தம்பி, கீமோ முடிந்து பத்தாம் நாள். இரவு உடம்பு கொதிக்க, வீட்டில் இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். காலையில் அளக்க 37.4. பனடோல் காய்ச்சலை மறைத்துவிட்டது. "காய்ச்சல் இல்லைத்தானே" என்று வெளிநோயாளர் வரிசையிலேயே இருத்திவிட்டார்கள். சேர்ட்டின் முதுகுப்பக்கம் பிழிந்தெடுக்கலாம், அவ்வளவு வியர்வை. அந்த முதுகுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

பெரும்பாலான கீமோவுக்கு 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் நிற்கும். அப்போது 38 பாகை காட்டினால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று சொல்லி கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குள் ஊசி அன்டிபயோட்டிக் ஏற வேண்டிய நிலை அது. வரிசையில் இருக்கிற நேரம் இல்லை. பனடோல் தொடவே கூடாது.

கிண்ணியா பல் கிளினிக்:
மூதூர்க்காரர், "தொடவே கூடாது" என்று எழுதாதீங்கோ. நோவுக்கு டொக்டரே பனடோல் எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், பயந்து நோவோடு கிடப்பார்கள். முதலில் தேர்மோமீற்றர் வைத்து அளந்து, நேரத்தோடு எழுதி, பிறகு போடுவது. 38 அல்லது அதற்கு மேலே என்றால் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவது. அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஒரு நானாவைப் பற்றி. கன்னத்தில் புற்று, ஒபரேஷன், பிறகு கதிர்ச் சிகிச்சை. நோய் போய்விட்டது. ஒரு வருடம் கழித்து வாயைத் திறக்கச் சொன்னேன், ஒரு விரல்தான் நுழைந்தது. மகள் பிட்டைக் குழைத்துக் கரண்டியைப் பக்கவாட்டாகச் சரித்து ஊட்டினா.

கதிர் பட்ட தாடைத் தசை மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே வரும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கோ. மூன்றும் போக வேணும். போகாவிட்டால் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, இழுக்கிறது தெரியும்வரை கடைவாய்ப் பற்களுக்கு இடையில் வையுங்கோ. 30 செக்கன் பிடித்து விடுவது, ஐந்து தரம், ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை. இலகுவானதும் ஒரு குச்சி கூட்டலாம். நோவோடு தள்ளித் திறக்க வேண்டாம், தசை இன்னும் இறுகும். கதிர் தொடங்கும் காலத்திலேயே டொக்டரைக் கேட்டு ஆரம்பித்தால், இறுகின பிறகு படும் பாட்டில் பாதி இல்லை.

ஆட்டம் காணும் பல்லைக் கதிருக்கு முன்பே, இரண்டு கிழமையாவது இருக்கத்தக்கதாகப் பிடுங்க வேணும். கதிருக்குப் பிறகு அந்தத் தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். பத்து வருடம் கழித்துப் போனாலும் பல் டொக்டரிடம் முதல் வார்த்தை "கதிர் எடுத்தது" என்பதாக இருக்கட்டும். எச்சில் வற்றினால் ஈறோரமாகப் பல் சொத்தையாகும், ஆகவே புளோரைட் பற்பசை, இடைக்கிடை ஒரு மிடறு தண்ணி. வாய் புண்ணுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறின நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. பேக்கிங் பவுடர் அல்ல. நாலைந்து தரம் கொப்பளித்து, மிச்சத்தை இரவு ஊற்றிவிடுங்கோ.

பாக்கு திரும்பப் போட வேண்டாம். புகையிலை போடாத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும்.

நிலாவெளி:
மிஸ்ஸி, ஐந்து நாள் என்றது குளிர்க் கூச்சத்துக்கு மட்டும். கை கால்களில் ஊசி ஊசியாகக் குத்துகிற விறைப்பு, மருந்து நிறுத்தின பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகலாம். உச்சிவெயிலில் வெறுங்காலோடு தோணி தள்ளப் போன ஒரு ஐயாவின் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். மணல் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை, பேத்திதான் கண்டது.

செருப்பு போட்டே இறங்குங்கோ, இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கோ, சுடுதண்ணியை முழங்கையால் தொட்டுப் பாருங்கோ.

உப்புவெளி மிஸ்ஸி:
சரி, நான் பிரித்து எழுதியிருக்க வேணும். ஒவ்வொரு முறை ஏற்றப் போகும் முன்னும் சேர்ட் பொத்தானைப் பார்க்காமல் பூட்டிப் பாருங்கோ. முடியவில்லை என்றால் மருந்து ஏறுவதற்கு முன் டொக்டரிடம் சொல்லுங்கோ. அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.