பொருள்: வெர்னாகுலர் ரீஜன் – தமிழில் என்ன? (அவசரம்)

ம. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பண்பாட்டுப் புவியியல் பாடநூலின் நான்காம் அலகு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நிலத்தைப் பல வகையில் பிரிக்கலாம். அரசு வகுப்பது மாநிலம், மாவட்டம். மண்ணையும் மழையையும் பார்த்து ஆய்வாளர் பிரிப்பது வேறு. இவை இரண்டும் இல்லாமல், அங்கே வாழ்கிறவர்களே 'நாங்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள்' என்று சொல்லிக்கொள்ளும் பரப்பு ஒன்று உண்டு. எந்த அரசாணையிலும் அது இருக்காது. எங்கே முடிகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதைத்தான் வெர்னாகுலர் ரீஜன் என்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'வட்டாரமொழிப் பகுதி' என்று போட்டிருக்கிறார்கள். சங்கதி மொழியைப் பற்றியதே அல்ல. என்ன செய்யலாம்?

இரா. எழுதியது:

'உணர்புலம்'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். மக்கள் உணர்ந்த, உணர்கிற, உணரும் புலம்.

க. எழுதியது:

இரா. ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் புலம் என்றதும் ஐம்புலன் அல்லவா முன்னால் வந்து நிற்கிறது! கண், காது, மூக்கு என்று மாணவர் எழுதிவைப்பார்.

வெர்னாகுலரின் வேரையும் பாருங்கள். லத்தீனில் 'வெர்னா' என்றால் எசமானர் வீட்டிலேயே பிறந்த அடிமை. அதிலிருந்துதான் வீட்டுக்குரியது, உள்ளூருக்குரியது என்று பொருள் விரிந்தது. 'இற்பிறந்த நிலம்' எனலாமா?

ம. எழுதியது:

வேண்டாம் அம்மா. பாதி வகுப்பு இறந்த நிலம் என்று படிக்கும்.

சி. எழுதியது:

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். இதற்கு நம் சொல் 'நாடு'. 'செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும்' என்கிறார் தொல்காப்பியர். அந்தப் பன்னிரண்டையும் எண்ணும் பழைய வெண்பாவில் தென்பாண்டி, குட்டம், குடம், பூழி, மலாடு, புனல்நாடு என்று வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் திசைச்சொல், தனி வழக்கு. ஒரு மொழிக்குள்ளேயே இத்தனை நிலம் என்று இலக்கணம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிறகு அந்தச் சொல்லைத் தூக்கி அரசுக்குக் கொடுத்துவிட்டு, இப்போது வேறு சொல் தேடிக் கையேந்துகிறோம்.

இரா. எழுதியது:

எல்லாம் சரிதான் ஐயா. 'ஒவ்வொரு நாட்டிலும் பல நாடுகள் உள்ளன' என்று பாடநூலில் அச்சடித்தால் என்ன ஆகும்?

சி. எழுதியது:

'உள்நாடு' என்று எழுதுங்கள்.

க. எழுதியது:

விமான நிலையம்தான் நினைவுக்கு வருகிறது.

த. எழுதியது:

வேடிக்கையை நிறுத்திவிட்டுக் கருத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1976இல் சமூகவியலாளர் ஜான் ஷெல்டன் ரீட் அமெரிக்கத் தெற்கின் எல்லையைத் தேடப் புரட்டியது தொலைபேசிப் புத்தகத்தை. நிறுவனப் பெயர்களில் 'சதர்ன்' எங்கெங்கே வருகிறது, 'டிக்சி' எங்கெங்கே வருகிறது என்று எண்ணினார். இரண்டுமே தெற்கைச் சொல்லும் பெயர்கள். ஆனால் 'சதர்ன்' பரந்து கிடந்தது. 'டிக்சி' அதைவிடக் குறுகிய பரப்புக்குள் நின்றது. ஒரே அடையாளத்துக்கு இரண்டு எல்லை! பிறகு 1980இல் புவியியலாளர் செலின்ஸ்கி இதே முறையில் அமெரிக்க, கனடா நகரங்களைப் பார்த்தார். ஆக இங்கே சான்று என்பது மக்கள் வழங்கும் பெயர். நம் சொல்லிலும் அந்த வழங்குதல் வரவேண்டும். என் பரிந்துரை 'வழங்குநிலம்'.

இரா. எழுதியது:

தானமாக வழங்கிய நிலம் என்று வருவாய்த்துறைக்காரர் கேட்பார். 'வழக்குநிலம்'?

க. எழுதியது:

அது நீதிமன்றத்தில் இருக்கும் நிலம். யோசித்தால் அதுவும் பொருத்தம்தான். பண்பாட்டு எல்லை எப்போது தீர்ப்பாகியிருக்கிறது?

'ஊர்வாய் வட்டாரம்' என்று ஒன்று தோன்றியது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பதால் வம்புப் பேச்சு வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.

த. எழுதியது:

அப்படியானால் 'வழக்கு வட்டாரம்'. 'வட்டார வழக்கு' எல்லோருக்கும் தெரியும். அதைத் திருப்பிப் போடுகிறோம்.

இரா. எழுதியது:

வட்டம் வடமொழி 'விருத்தம்' என்பதன் சிதைவு என்று ஒரு சாரார்...

சி. எழுதியது:

தொடங்கிவிட்டீர்களா! வள் என்பது வளைவு. வள், வளை, வளையம், வளாகம், வட்டு, வட்டம், வட்டணை, வட்டில்...

ம. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வட்டாரங்கள் கலக்கும் இடைப்பகுதிக்கும் சொல் வேண்டும். நூலில் ஜெர்மனி எடுத்துக்காட்டு வருகிறது. 'செய்' என்பதற்கு வடக்கே 'மாக்கென்', தெற்கே 'மாஹென்'. இந்த உச்சரிப்பு மாறும் எல்லைக்கோடு பென்ராத் என்ற ஊர் அருகே ரைன் நதியைக் கடக்கிறது. ஆனால் 'நான்' என்ற சொல் மாறும் கோடு வேறு. அது ஊர்டிங்கென் என்ற ஊர்ப் பக்கம் போகிறது. கிழக்கே ஏறத்தாழச் சேர்ந்து வரும் இத்தகைய கோடுகள் ரைன் பகுதியில் விசிறிபோல் பிரிகின்றன. எதை எல்லை என்பது?

சி. எழுதியது:

'மயக்க நிலம்'. ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் கலந்து வரும் திணைமயக்கம் தெரியாதவரா நீங்கள்?

த. எழுதியது:

சி. ஐயா, 'திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே' என்ற அதே நூற்பாவின் அடுத்த அடி நிலம் மயங்காது என்கிறதே! ஒழுக்கம் கலக்கும், நிலம் கலக்காது. உங்கள் சொல் உங்கள் நூற்பாவுக்கே எதிராகப் போகிறது.

சி. எழுதியது:

உரையாசிரியர்களைப் படித்துவிட்டு வாருங்கள். அங்கே நிலம் என்பது முதற்பொருள், திணைக்கு அடிப்படையாக வைப்பது. வரைபடத்துப் பரப்பு அல்ல.

க. எழுதியது:

இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும். மாணவருக்கு மயக்கம் என்றால் தண்ணீர் தெளிப்பதுதான். 'கலப்பெல்லை' போதும்.

ம. எழுதியது:

நேற்று இரவு வரை வந்த கருத்துகளில் மூவர் 'வழக்கு வட்டாரம்' என்கிறீர்கள். அதையே போடுகிறேன். இடைப்பகுதிக்கு 'கலப்பெல்லை'. அமெரிக்காவில் மொர்மோன் சமயத்தாரின் பண்பாட்டுப் பகுதியைப் புவியியலாளர் மெய்னிக் 1965இல் மையத்திலிருந்து ஓரம் வரை பிரித்த மூன்று அடுக்குக்குக் கருவகம், பரப்பகம், விளிம்பகம் என்று வைத்திருக்கிறேன். யாரும் எதிர்க்காததால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். வரைபடக்காரர் எல்லைகளுக்குக் கருப்புக் கோடு போட்டிருந்தார். அழித்துவிட்டு, மையத்தில் அடர்ந்து ஓரத்தில் வெளிறும் நிறமாக மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

சி. எழுதியது:

நிறம் சரி. சொல்லுக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் 'நாடு' வரும்வரை எழுதிக்கொண்டேதான் இருப்பேன். 'விளிம்பகம்' என்பதற்கு எதிர்ப்பு இல்லை என்று யார் சொன்னது? விளிம்பு என்ற சொல்லின் வேர்...