‘அடம்’ என்று எழுதும் முன்: பராமரிப்புப் பணியில் இருப்பவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கியிருக்கும் இல்லத்தில் பணியாளர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒருவரைப் பற்றிக் குறிப்பேட்டில் மூன்று நாட்களாக ஒரே வரி: ‘அடம் பிடிக்கிறார், சாப்பிட மறுக்கிறார்.’ நான்காம் நாள் அவர் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கடைவாய்ப் பல் சொத்தை. பேச்சு வராத மனிதர், தட்டைத் தள்ளித்தான் வலியைச் சொல்லியிருக்கிறார். எனக்கு மனம் ஆறவே இல்லை.

எழுதியவர் கெட்டவர் அல்ல. இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்கிறவர். ஆனால் ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று பட்டுவிட்டால் கோபம் வருகிறது, உதவும் எண்ணம் குறைகிறது. உளவியலாளர் பெர்னார்ட் வைனர் விளக்கியதும் இதைத்தான்.

நாற்பது வயதுக்காரரைக் ‘குழந்தை மாதிரி’ என்று கொஞ்சுவதும் எனக்கு உறுத்துகிறது. அன்புதான், ஆனாலும் எந்தச் சட்டை வேண்டும் என்று அவரைக் கேட்பதே நின்றுபோகிறது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதையே தேர்ந்தெடுக்கும் உரிமையை 2006இல் ஏற்கப்பட்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு தருகிறது. இங்கே சட்டைக்கே வழியில்லை.

குற்றம் சாட்டுவதுபோல் தோன்றாமல் பணியாளர்களிடம் இதை எப்படிப் பேசுவது? ‘அடம்’, ‘முரண்டு’ போன்ற சொற்களை விலக்கி, நடந்ததையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் மட்டும் எழுதச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டா? அது நிலைத்ததா? உறவினரை இல்லத்தில் விட்டிருக்கும் குடும்பத்தினரும் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த வாரம் பணியாளர் கூட்டம் இருக்கிறது.