ஏலத்தில் 6 டாலர், அனுப்ப 34 டாலரா?

லென்ஸ்பித்தன்: நியூஜெர்சியில் இருக்கிறேன். ஏலத் தளம் ஒன்றில் பழைய 50 எம்எம் கேமரா லென்ஸ் 6 டாலருக்கு விழுந்தது. பணம் கட்டப் போனால் ஷிப்பிங் 34, அதற்கு மேல் ஹேண்ட்லிங் (பொருளைக் கட்டித் தரும் கூலி) 5. கால் கிலோ பொருள், பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறது. என்ன கணக்கு இது?

ஏலக்காய்: பழைய வித்தைதான். தளம் விற்ற விலைக்கு மட்டும் கமிஷன் பிடித்தால், விற்பவர் விலையைக் குறைத்து ஷிப்பிங்கில் ஏற்றிவிடுவார். இதைத் தடுக்கத்தான் இபே ஏலத் தளம் 2011இல் அமெரிக்காவில் ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்துக் கமிஷன் பிடிக்க ஆரம்பித்தது. அப்படியும் சிலர் விடுவதில்லை, ஏனென்றால் மனம் மாறித் திருப்பி அனுப்பினால் ஷிப்பிங் காசு பெரும்பாலும் திரும்ப வராது.

தபால்காரன்: விலையும் ஷிப்பிங்கும் கூட்டி வரிசைப்படுத்திப் பாருங்கள் சார். அப்புறம், பெரிய ஏல நிறுவனங்கள் பக்கம் போனால் வாங்குபவர் விலைக்கு மேல் கட்ட வேண்டிய கமிஷன் தனி. 20, 25 சதவீதம்கூட இருக்கும், விதிமுறைப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

லென்ஸ்பித்தன்: அந்த 5 டாலர் ஹேண்ட்லிங், லிஸ்டிங்கில் (பொருளின் விற்பனைப் பக்கத்தில்) எங்குமே இல்லை. கேட்கலாமா?

ஏலக்காய்: தாராளமாக. லிஸ்டிங்கை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, தளத்தின் மெசேஜிலேயே கேளுங்கள், போனில் பேசாதீர்கள்.