முகவரி எழுதித் தந்தவர்கள்

நான் நெல்லையில் நீர்வண்ண ஓவியங்கள் வரைந்து விற்றுப் பிழைப்பவன். ஓவியத்தை நேரில் பார்த்துவிட்டுத் தம் கையாலேயே மின்னஞ்சல் முகவரி எழுதித் தந்தவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். எட்டு ஆண்டுகளாக என் வீட்டில் அடுப்பெரிவதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

2017இல் பாளையங்கோட்டையில் ஒரு சிறு கண்காட்சி வைத்தபோது, வாசல் மேசையில் ஒரு நீள நோட்டை வைத்தேன். இரண்டு நாட்களில் 41 பேர் முகவரி எழுதினார்கள். அது போதாதென்று எண்ணி, உறவினர்கள், பள்ளித் தோழர்கள், பிரேம் போட்டுத் தரும் கடை அண்ணாச்சி என்று தெரிந்தவர்கள் அனைவரையும் கேட்காமலேயே சேர்த்து 160 ஆக்கினேன். முதல் கடிதத்தை அனுப்பும்போது, பிறர் கண்ணில் படாதபடி பி.சி.சி. கட்டத்தில் இட வேண்டிய முகவரிகளை, பெறுநர் கட்டத்திலேயே வரிசையாக இட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்தார். "தம்பி, உங்கள் படங்களைப் பற்றி அறியத்தான் முகவரி தந்தேன். முன்பின் தெரியாத நூற்றைம்பது பேரிடம் அது இப்போது போய்விட்டதே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அந்த வாரம் முழுவதும் வரைவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டு எழுதி, தொடர்ந்து கடிதம் அனுப்பலாமா என்றும் கேட்டேன். சம்மதித்தவர்கள் 58 பேர். அந்த ஆசிரியரும் அவர்களில் ஒருவர். சம்மதத்தைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் வருமுன்பே அதை எனக்கு உணர்த்தியவர் அவர்தான். இன்றும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், வேண்டாமென்றால் ஒரு சொல் பதிலாக எழுதினால் போதும் என்ற வரி இருக்கும்.

ஆண்டுக்கு நான்கு கடிதங்கள்தாம் எழுதுகிறேன். ஒரு கடிதத்தில் ஒரே படம்; அதை எங்கே அமர்ந்து வரைந்தேன், எந்த இடத்தில் வண்ணம் கைமீறிப் பரவியது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதிவிட்டு, அளவையும் விலையையும் கடைசியில் சொல்வேன். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களை வரைய மூன்று முறை சென்றும் கல்லின் பளபளப்பு பிடிபடாததை எழுதிய கடிதத்துக்கு வந்த அளவு பதில்கள், தள்ளுபடி அறிவித்த கடிதத்துக்கு வரவில்லை. பதில் எழுதுவோரில் பெரும்பாலோர் ஊரை விட்டுச் சென்னைக்கும் மும்பைக்கும் போனவர்கள். ஜிமெயிலின் இலவசக் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு அனுப்பலாம். என்னைப் போன்றவர்களுக்கு அதுவே தாராளம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி, சிந்துபூந்துறையில் என் அறைக்குள்ளும் நீர் வந்தது. நீள நோட்டு ஊறி மை கரைந்துவிட்டது. பழைய முகவரிகளைக் கணினியில் ஏற்றியிருந்ததால் அவை தப்பின. சோம்பலால் ஏற்றாமல் விட்டிருந்த கடைசிப் பக்கம் மட்டும் போயிற்று. வெள்ளம் வடிந்தபின் குறுக்குத்துறை முருகன் கோயிலை வரைந்து எழுதிய கடிதம் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சென்று சேரவில்லை.

அடுத்த கண்காட்சிக்கு வந்த ஓர் அம்மா, "போன தடவை எழுதிக் கொடுத்தேனே தம்பி, ஒரு கடிதமும் வரவில்லையே?" என்று கேட்டார். நடந்ததைச் சொல்லிப் புது நோட்டை நீட்டினேன். அவர் எழுதி முடித்ததும், அவர் எதிரிலேயே அந்த முகவரியைக் கணினியில் ஏற்றினேன்.