உப்புக்காற்றும் ஒரு ரிவால்வரும்: மேற்பூச்சு தேர்ந்தெடுத்த அனுபவம்

வேதாரண்யத்தை அடுத்து, உப்பளங்களிலிருந்து இரண்டு கல் தொலைவில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பாவின் காலத்துக்குப் பிறகு முறைப்படி என் உரிமத்தில் சேர்க்கப்பட்ட .32 ரிவால்வர் ஒன்று வீட்டில் உண்டு. அதற்குக் கருநீலம் ஏற்றியிருந்தார்கள். புளூயிங் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது வீட்டு ஓடுகள் பறந்து, பீரோவுக்குள் மழை இறங்கிவிட்டது. துப்பாக்கியை மறுநாளே துடைத்து எண்ணெயிட்டேன். ஆனால் நனைந்த தோலுறையை நிழலில் உலர்த்தி, அதற்குள்ளேயே மறுபடி வைத்தது என் பிழை. 2019 மார்ச்சில் தேர்தல் அறிவிப்பு வந்ததும், தேர்தல் கால வழக்கப்படி துப்பாக்கியை உறையோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். ஜூனில் திரும்பப் பெற்று உருவியபோது, உறையின் தையல் ஓடிய தடத்திலேயே குழலின் மீது செம்புள்ளிகள் வரிசையாகப் படிந்திருந்தன. கட்டைவிரலால் தேய்த்தேன், துருப்பொடி உதிர்ந்தது, அதனடியில் ஊசிமுனை அளவில் குழிகள் தெரிந்தன.

கருநீலம் என்பது இரும்பின் மேற்பரப்பையே கறுப்பு ஆக்சைடாக மாற்றுவதுதான். அது மிக மெல்லியது, நுண்துளைகள் கொண்டது, எண்ணெய் வற்றினால் காப்பும் போய்விடும். அப்பா தேங்காய் எண்ணெய் தடவுவார். அது நாளடைவில் காறிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன்.

கும்பகோணத்தில் பாத்திரங்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் கொடுத்து நிக்கல் ஏற்றிவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம். துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதில் பொறித்த எண்ணை அழிப்பதும் குற்றம். முலாமுக்கு முன் சக்கரத்தில் வைத்து மெருகேற்றும்போது, கவனமில்லாத கை அந்த எண்ணைத் தேய்த்துவிடும்.

ஆகவே திருச்சியில் உரிமம் பெற்ற ஒரு கடையை நாடினேன். அங்கிருந்த முதியவர் பொறுமையாக விளக்கினார். பளபளக்கும் சாதாரண நிக்கல் முலாமில் ஒரு துளை விழுந்தாலும், நிக்கலைவிட எஃகே முதலில் அரிக்கப்படுவதால், துரு அடியில் பரவி முலாம் செதிலாக உரியும். ஹார்டு குரோம் எனும் கடினமான குரோமிய முலாம் உராய்வுக்கு அசைந்துகொடுக்காது. ஆயினும் அதிலும் நுண்விரிசல்கள் உண்டு என்பதால் உப்புக்காற்றுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பாஸ்பேட் பூச்சு எண்ணெயை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் அந்த எண்ணெயை நாம்தான் விடாமல் ஊட்ட வேண்டும். செராகோட் போன்ற செராமிக் கலந்த பூச்சு ஈரத்தை நன்கு தடுக்கும். உறையில் உரசும் விளிம்புகளில்தான் அது தேயும். உப்புக்குளியல் நைட்ரைடிங், அதாவது உருகிய உப்பில் அமிழ்த்தி நைட்ரஜன் ஏற்றும் முறை, எஃகுக்குள்ளேயே ஊடுருவுவதால் மிகச் சிறந்ததென்றாலும், 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டியிருப்பதால் பழைய துப்பாக்கிக்கு அதை அவர் பரிந்துரைக்கவில்லை.

முடிவில் நான் தேர்ந்தெடுத்தது மின்சாரமின்றி, வேதிவினையால் படியும் நிக்கல், பளபளப்பில்லாத வகை. மின்முலாம் விளிம்பில் தடித்தும் மூலையில் மெலிந்தும் படியும். இதுவோ இடுக்கு, மூலை எங்கும் ஒரே கனத்தில் படிகிறது. நான் இரண்டைக் கேட்டுக்கொண்டேன்: தோட்டா நுழையும் அறைகளின் உட்புறத்தை முலாம் படியாதபடி மூடிவிட வேண்டும், ஏனெனில் அங்கே மைக்ரான் கணக்கில் கனம் கூடினாலும் தோட்டா இறுகும், விற்சுருள்களைத் தொடவே கூடாது, ஏனெனில் அமிலக் கழுவலிலும் முலாமிலும் ஹைட்ரஜன் புகுந்து எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். குழிகள் முழுதும் மறையவில்லை. அவற்றை மறைக்க இன்னும் தேய்த்திருந்தால் எழுத்துகள் போயிருக்கும் என்று முதியவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

தோலுறையை ஒதுக்கிவிட்டு, துரு தடுக்கும் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறேன். தோட்டா குழலுக்குள் விட்டுச்செல்லும் காப்பர் கறையை நீக்க அம்மோனியா கலந்த திரவத்தைப் பயன்படுத்துவதில்லை. முலாமுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால் அது அரித்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். 2021 தேர்தலிலும் 2024 தேர்தலிலும் பெட்டியோடு ஒப்படைத்தேன். 2024 ஜூனில் திறந்து பார்த்தபோது தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டரில் அது சுழலும் தடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. தையல் தடத்தில் செம்மை எதுவும் தென்படவில்லை.