உதவி தேவை: எலிஹு யேலின் பாஸ்டன் முன்னோர் – ஞானஸ்நானப் பதிவு இல்லை, தாத்தா இருவர், டேவிட் மூவர்

கோட்டைவாசல் கேட்டது:

1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை கவர்னராக இருந்த எலிஹு யேலின் குடும்ப மரத்தைத் தகப்பன் வழியில் மேலே கொண்டுபோகப் பார்க்கிறேன். 1649 ஏப்ரல் 5, பாஸ்டனில் பிறப்பு. தகப்பன் டேவிட் யேல், தாய் அர்சுலா. இதுவரை சிக்கல் இல்லை. அதற்கு மேல் நான்கு இடத்தில் முட்டி நிற்கிறது.

1. பாஸ்டன் முதல் திருச்சபையின் ஞானஸ்நானப் பட்டியலில் எலிஹு இல்லை. ஏடு தொலைந்துவிட்டதா?
2. இணையத்தில் கிடைக்கும் மரங்களில் பாதி, தாத்தா தாமஸ் யேல் என்கின்றன. மீதி, நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவிய பியூரிட்டன் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்தக் கோரிய புராட்டஸ்டன்ட் பிரிவு) வணிகர் தியோபிலஸ் ஈட்டன் என்கின்றன. எது சரி?
3. ஈட்டன் இறந்தது 1657 ஜனவரியா, 1658 ஜனவரியா? ஒரு மரத்தில் நவம்பர் என்றுகூட இருக்கிறது.
4. ஈட்டன் குடும்பம் 1637-இல் ஹெக்டர் கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். பயணிகள் பட்டியல் எங்கே?

ஏடுபடிப்பவர்:

முதலில் மூன்றாவது கேள்வி. அது தெளியாமல் மற்ற தேதிகளைத் தொட்டால் எல்லாம் குழம்பும்.

இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் அப்போது புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை பழைய ஆண்டு எண்தான் ஓடும். ஈட்டன் இறந்த நாள் அவர்கள் கணக்கில் 1657 ஜனவரி 7, நம் கணக்கில் 1658. அதனால் 1657/58 என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம். இரண்டு மரமும் சரி, எழுதத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள்.

நவம்பர் எப்படி நுழைந்தது? ஜனவரி, மார்ச் எல்லாம் புறச்சமயத் தெய்வப் பெயர் என்று பியூரிட்டன்கள் மாதத்துக்கு எண் போட்டார்கள். மார்ச் முதல் மாதம், ஜனவரி பதினோராம் மாதம். ஏட்டில் '11' என்று இருந்ததை யாரோ நவம்பராக்கிவிட்டார்கள். மென்பொருளில் தேதியை எண்ணாகத் தட்டினால் இதே கதிதான். மாதத்தை எழுத்தில் போடுங்கள். ஏட்டில் இருந்தபடி குறிப்புப் பெட்டியிலும் சேருங்கள்.

பத்து நாள் கூட்டி இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற வேண்டாம். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று வைக்கும் வரை பழைய கணக்கிலேயே இருந்தார்கள், சென்னைக் கோட்டையிலும் அப்படித்தான். பழவேற்காட்டு டச்சுக்காரரின் கடிதத்தோடு ஒப்பிட்டால் மட்டும் பத்து நாள் வித்தியாசம் வரும்.

சுவடிப்பெட்டி:

ஏடு தொலையவில்லை நண்பரே. அந்தப் பதிவு எழுதப்படவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாசசூசெட்ஸில் அன்று ஊரில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் ஞானஸ்நானம் கிடையாது. பெற்றோரில் ஒருவராவது திருச்சபையின் முழு உறுப்பினராக இருக்க வேண்டும்; உறுப்பினராக, தன் மனமாற்றத்தைச் சபை முன் சொல்லி ஏற்பு வாங்க வேண்டும். 1662-இல் இந்த விதியைத் தளர்த்தும் வரை வெளியே நின்றவர்கள் ஏராளம். டேவிட் யேல் எந்தப் பக்கம்? 1646-இல் மருத்துவர் ராபர்ட் சைல்டும் சிலரும் குடியேற்றத்தின் சட்டமன்றமான பொது மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் ஒப்பமிட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். உறுப்பினர் அல்லாதோருக்குக் குடியுரிமையும் இல்லை, அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் இல்லை என்பதுதான் மனுவின் குறை. மனு போட்டவர்களுக்கு அபராதம் விழுந்தது. இப்படிப்பட்டவர் பிள்ளையைச் சபை ஏட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தேட வேண்டியது நகரப் பிறப்புப் பதிவை. பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய வேண்டும் என்று 1639-லேயே உத்தரவு உண்டு. பாஸ்டன் நகரப் பதிவு ஆணையர்கள் 1883-இல் அச்சிட்ட ஒன்பதாம் தொகுதி 1630 முதல் 1699 வரை பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பைத் தருகிறது. வருடிய பக்கங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயர் அடைவை மட்டும் நம்பாமல் ஆண்டுவாரியாகப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது, யேல் என்ற, ஆங்கிலத்தில் நான்கே எழுத்துள்ள சொல்லைக்கூட மூன்று விதமாக எழுதுவார்கள்.

இதே கையோடு ஒன்று: அங்கே திருமணத்தையும் சபை ஏட்டில் தேடாதீர்கள். பியூரிட்டன்களுக்குத் திருமணம் சமயச் சடங்கு அல்ல, சிவில் ஒப்பந்தம். நடத்தி வைத்தவர் மாஜிஸ்திரேட். போதகர் நடத்தத் தொடங்கியது 1686-க்குப் பிறகு.

யேல்மலை:

இரண்டாவது கேள்வி. இரத்த உறவில் தாத்தா தாமஸ் யேல். வேல்ஸில் ரெக்ஸம் பக்கம் பிளாஸ் குரோனோ என்ற பண்ணை வீடு. 1619-இல் இறந்தார், கடலே தாண்டவில்லை. அவர் விதவை ஆன், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாயிடின் மகள். அந்த ஆன்தான் பிறகு ஈட்டனை மணந்து, முதல் தாரத்துப் பிள்ளைகளோடு 1637-இல் அமெரிக்கா போனார். ஆக ஈட்டன், டேவிட்டுக்கு மாற்றாந்தந்தை.

ஏன் இந்தத் தவறு ஊரெல்லாம் பரவியது என்றால், அக்கால உயிலில் மாற்றான் மகனைச் 'சன்' என்றே எழுதுவார்கள், இல்லாவிட்டால் 'சன்-இன்-லா' என்பார்கள். நாம் முதலாவதைப் பெற்ற மகன் என்றும் இரண்டாவதை மருமகன் என்றும் படித்துவிடுகிறோம். 'மதர்-இன்-லா' மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். நம் ஊர்ப் பத்திரத்தில் 'அண்ணன்' என்று கண்டால் உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா என்று கேட்போமே, அந்தச் சந்தேகம் இங்கேயும் வேண்டும்.

பெயர் குழப்பத்துக்கு ஒரு வழி. இந்தக் குடும்பத்தில் டேவிட்டும் தாமஸும் மாறி மாறி வருவார்கள். செஸ்டர் பிஷப்பின் சான்சலராக (மறைமாவட்ட நீதிமன்ற நீதிபதி) இருந்த டேவிட், அவர் மகன் தாமஸ், அவர் மகன் பாஸ்டன் டேவிட், அவர் மகன் எலிஹு, அவர் மகன் சென்னையில் குழந்தையாகவே இறந்துபோன டேவிட். பாஸ்டன் டேவிட்டின் தம்பி இன்னொரு தாமஸ், அவர் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். அமெரிக்க யேல்கள் அவர் வழி. எலிஹுவுக்கும் ஒரு தம்பி தாமஸ், கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சென்னையில் இருந்தவர். மரத்தில் பெயரோடு ஊரையும் ஒட்டுங்கள்: 'செஸ்டர் டேவிட்', 'பாஸ்டன் டேவிட்', 'சென்னை டேவிட்'. ஊர் ஒட்டாத டேவிட்டை யார் மரத்திலிருந்தும் இழுத்துப் போடாதீர்கள்.

ஆன் ஈட்டனைப் பற்றிய ஏடுகளை விடாதீர்கள். குழந்தை ஞானஸ்நானம் தவறு என்று கருதி ஆராதனையிலிருந்து எழுந்து போனதற்காக 1645-இல் நியூ ஹேவன் சபை அவரை விலக்கியது. குற்றச்சாட்டில் தன் மாமியாரின் முகத்தில் அறைந்தார், ஈட்டனின் மூத்த தாரத்து மகள் மேரியைக் கொடுமைப்படுத்தினார் என்றெல்லாம் வருகிறது. வம்பு மாதிரி இருந்தாலும், ஒரே கூரையில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எந்தப் பிறப்புப் பதிவும் தராது.

சுவடிப்பெட்டி:

கப்பல் பட்டியல் பற்றி. ஹெக்டர் 1637 ஜூனில் பாஸ்டன் வந்ததற்குச் சான்று கவர்னர் ஜான் வின்த்ரோப்பின் நாட்குறிப்பு. அது முக்கியமானவர்கள் பெயரைத்தான் சொல்லும். லண்டன் துறைமுகப் புறப்பாட்டுப் பட்டியலில் பெரிதாக எஞ்சியது 1635-ஆம் ஆண்டுடையது. ஆகவே ஹெக்டரின் 'முழுப் பயணிகள் பட்டியல்' என்று எங்காவது கண்டால், அது பின்னாளில் யாரோ ஊகித்துச் சேர்த்தது. கடந்து போங்கள்.

நியூ இங்கிலாந்து வரலாற்று மரபுவழிக் கழகத்தின் பெருங்குடியேற்றத் தொகுதிகளிலும் விரிவான வாழ்க்கைக் குறிப்பு தேடி ஏமாறாதீர்கள். அது 1635 வரை வந்தவர்களுக்கு மட்டும். 1636 முதல் 1640 வரை வந்தவர்களுக்கு 2015-இல் வந்த கையேட்டில் சில வரிதான்; ஆனால் எந்த ஏட்டைப் பார்ப்பது என்று அந்தச் சில வரி காட்டும்.

வேல்ஸ் பக்கம் உயில்கள். ரெக்ஸம் செயின்ட் அசாஃப் மறைமாவட்டம். அதன் உயில்கள் அபரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில், இணையத்தில் இலவசம். உயிலைப் பார்த்தது திருச்சபை நீதிமன்றம்; சொத்து இரண்டு மறைமாவட்டத்தில் இருந்தால், அவற்றுக்கு மேலான திருச்சபை மாகாணத்தின் நீதிமன்றம் போகும். இங்கே ஒரு கண்ணி: செயின்ட் அசாஃப் கேன்டர்பரி மாகாணம், செஸ்டர் யார்க் மாகாணம். செஸ்டர் டேவிட்டுக்கு இரண்டையும் பார்க்க வேண்டும். ஆன் ஈட்டன் இரண்டாம் கணவர் இறந்தபின் இங்கிலாந்து திரும்பி 1659-இல் இறந்தார். 1653 முதல் 1660 வரை நாடு முழுவதற்கும் லண்டனில் ஒரே உயில் நீதிமன்றம். அந்த ஏடுகள் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் 'பிராப் 11' வரிசையில் உள்ளன. உயில் இருந்தால் அங்கேதான்.

கோட்டைவாசல்:

நன்றி. இன்னொரு சந்தேகம். சென்னை டேவிட்டின் கல்லறையில் 1687 ஜனவரி என்று இருக்கிறது, புத்தகங்களில் 1688. இதுவும் அதே கதையா? பிறகு, மரபணுச் சோதனையால் பயன் உண்டா?

ஏடுபடிப்பவர்:

அதே கதைதான், கல்லே சாட்சி சொல்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்துக் கூம்புக் கல்லறையின் லத்தீன் வாசகம் எலிஹுவைக் கவர்னர் என்கிறது. அவர் கவர்னரானது 1687 ஜூலையில். நம் கணக்கில் 1687 ஜனவரி என்றால் பதவி வருமுன்பே பட்டம் வந்திருக்க வேண்டும். ஆகவே 1687/88.

கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்திருக்கும் கற்களை வைத்து 'இங்கே அடக்கம்' என்று எழுதிவிடாதீர்கள். பழைய ஆங்கிலேய இடுகாடு இன்றைய உயர் நீதிமன்ற, சட்டக் கல்லூரிப் பக்கம். 1758–59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை கல்லறைகளை மறைப்பாக்கிச் சுட்டதால், பின்னர் அவற்றைத் தகர்த்துக் கற்களை மட்டும் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடத்தில் விட்டுவைத்தது இந்தக் கூம்பையும் பவ்னி குடும்பக் கல்லறையையும்தான்.

எலிஹு, கேத்தரின் ஹின்மர்ஸ் திருமணம் 1680 நவம்பர் 4. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவு நகல்கள் 1698-இல்தான் தொடங்குகின்றன. அங்கே தேடிவிட்டு 'பதிவு இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்; புனித மேரியின் சொந்தப் பதிவேடு 1680-லிருந்தே உண்டு.

யேல்மலை:

மரபணு: சாதாரணச் சோதனை ஐந்தாறு தலைமுறைக்கு மேல் நம்பகமாகப் பேசாது, இங்கே பன்னிரண்டாவது இருக்கும். தகப்பன் வழி ஒய்-குரோமோசோம் சோதனையைப் பொறுத்தவரை, எலிஹுவின் மகன் டேவிட் நான்கு வயதுகூட நிரம்பாமல் போய்விட்டான், கேத்தரின் வழி தங்கியது மகள்கள் மட்டும். நியூ ஹேவன் தாமஸின் ஆண் வழியினரைச் சோதித்தால், அவர்களும் வேல்ஸ் யேல்களும் ஒரே கொடியா என்பது வரை தெரியும். எலிஹுவுக்கென்று தனியாக ஒன்றும் கிடைக்காது.

கோட்டைவாசல்:

மரத்தில் திருத்தியவை: தியோபிலஸ் ஈட்டன், ஆனின் இரண்டாம் கணவர், மரணம் 7 ஜனவரி 1657/58. சென்னை டேவிட், 1687/88. எலிஹுவின் ஞானஸ்நானப் பெட்டியில் 'தெரியவில்லை' என்று இருந்ததை எடுத்துவிட்டு, 'பெற்றோர் சபை உறுப்பினராக இருந்ததற்குச் சான்று இல்லை, நகரப் பிறப்புப் பதிவைப் பார்க்க' என்று போட்டுவிட்டேன். அடுத்து பிராப் 11-இல் ஆன் ஈட்டன், 1659 முதல் 1660 வரை.